ஸ்பேமில் கிடக்கும் செய்திமடல்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், தமிழில் வரும் நல்ல செய்திமடல்களுக்கு மெயில் முகவரியைக் கொடுத்துப் படித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். கொடுத்தவர்களில் பலர் இப்போது சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வரவே இல்லை என்கிறார் ஒருவர், வந்து நின்றுவிட்டது என்கிறார் இன்னொருவர், எல்லாம் ஸ்பேமில், அதாவது வேண்டாத மெயில் என்று ஒதுக்கிப் போடும் இடத்தில், கிடந்தது என்கிறார் மூன்றாமவர். கடிதங்களில் பெரும்பாலானவை டெல்டா பக்கத்திலிருந்து வந்தவை. எனவே இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்குத்தான்.

கே: பாரம்பரிய நெல் ரகங்கள் பற்றி மாதம் இருமுறை வரும் ஒரு மடலுக்குப் பதிவு செய்திருந்தேன். முதல் சில இதழ்கள் ஒழுங்காக வந்தன, அப்புறம் நின்றுவிட்டது. அவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள் என்று இருந்தேன். எதேச்சையாக ஸ்பேமைத் திறந்தால் எல்லாம் அங்கே இருக்கின்றன! இப்போது அங்கேயே போய்ப் படித்துக்கொள்கிறேன். இன்பாக்ஸுக்கு வரவைக்க வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

ப: அங்கேயே படித்துக்கொள்வதில்தான் சிக்கல், அம்மா. ஜிமெயில் ஒரு மெயிலை எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது பல விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. அனுப்பியவர் யார், எந்த சர்வர் (மெயிலை அனுப்பிவைக்கும் கம்ப்யூட்டர்) வழியாக வந்தது, அதே மடலை வாங்கிய மற்றவர்கள் என்ன செய்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், இப்படி. ஸ்பேமில் போட்டதை நீங்கள் படித்துவிட்டு அப்படியே விட்டால், இடம் மாறிப் போட்டுவிட்டாய் என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. அது மட்டுமல்ல, ஜிமெயில் ஸ்பேமில் கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும். கருப்புக் கவுனி விதை யாரிடம் கிடைக்கும் என்று இரண்டு மாதம் முந்தைய இதழில் எழுதியிருந்தால், அது இன்றைக்கு உங்களிடம் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பேமில் அந்த மெயிலைத் திறந்தால் மேலேயே ‘ரிப்போர்ட் நாட் ஸ்பேம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். ஒரே ஒரு இதழுக்குச் செய்துவிட்டு நிறுத்தாமல், அங்கே கிடக்கும் எல்லா இதழ்களுக்கும் செய்யுங்கள். அப்புறம் அனுப்புநர் முகவரியை உங்கள் கான்டாக்ட்ஸில் சேர்த்துவிடுங்கள். பலருக்கு இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லையென்றால் ஃபில்டர், அதாவது இன்னாரிடமிருந்து வரும் மெயிலை இப்படிச் செய் என்று ஜிமெயிலுக்கு நாமே சொல்லிவைக்கும் விதி. இதற்குக் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறக்க வேண்டும். மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் கோடு கோடாக ஒரு சின்னப் படம் இருக்கும், அதைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். அதில் ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் மடலின் முகவரியைப் போட்டு, ‘கிரியேட் ஃபில்டர்’ கொடுத்து, அடுத்து வரும் பட்டியலில் ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்’ என்பதை டிக் செய்து முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஜிமெயிலுக்குச் சந்தேகம் வந்தாலும் மெயில் இன்பாக்ஸுக்கே வரும், நீங்கள் வைத்த ஃபில்டரால்தான் இதை ஸ்பேமில் போடவில்லை என்று மேலே ஒரு பட்டையில் சொல்லிவிட்டுப் போகும். கண்டுகொள்ள வேண்டாம்.

ஃபில்டரில் முழு முகவரிக்குப் பதிலாக அட் குறிக்குப் பின்னால் வரும் டொமைனை மட்டும் போட்டாலும் வேலை செய்யும், மடல்காரர்கள் முன்பாதியை மாற்றினாலும் தொல்லை இல்லை. ஆனால் அந்த மடல் ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிறதென்றால் தயவுசெய்து முழு முகவரியைப் போடுங்கள். வெறும் ஜிமெயில் டாட் காம் என்று போட்டால், உலகத்தில் ஜிமெயில் வைத்திருக்கும் அத்தனை மோசடிக்காரர்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட கணக்கு.

முன்பு ஒழுங்காக வந்தது பிறகு ஏன் மாறியது என்பதற்குக் காரணம் அவர்கள் பக்கத்திலும் இருக்கலாம். அனுப்பும் சேவையை மாற்றியிருப்பார்கள், அல்லது வாங்கியவர்களில் சிலர் ஸ்பேம் என்று அழுத்தியிருப்பார்கள். எதற்கும் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்’ என்ற பகுதியையும் ஒருமுறை பாருங்கள். கை தவறி ‘பிளாக்’ அழுத்தியிருந்தாலும் அந்த முகவரியிலிருந்து வருவதெல்லாம் நேராக ஸ்பேமுக்குத்தான் போகும்.

கே: நீங்கள் எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டரில் செய் என்கிறீர்கள். என்னிடம் இருப்பது போன் மட்டும்தான், சார்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ப: நியாயமான கோபம், ஐயா. போன் ஆப்பிலேயே பாதி வேலை முடியும். இடது மேல் மூலையில் மூன்று கோடு, அதைத் தொட்டுக் கீழே இறக்கினால் ஸ்பேம், மெயிலைத் திறந்தால் அதே ‘ரிப்போர்ட் நாட் ஸ்பேம்’. கான்டாக்ட்ஸில் சேர்ப்பதும் போனிலேயே ஆகும். அந்த ஃபில்டர் மட்டும் ஆப்பில் கிடையாது, ஏன் இல்லை என்று கூகுளைத்தான் கேட்க வேண்டும். பேரனோ பேத்தியோ லேப்டாப்போடு வரும்போது ஒருமுறை வைத்துவிட்டால் போதும். ஃபில்டர் உங்கள் கணக்கில் உட்கார்ந்துகொள்வதால் போனுக்கும் பொருந்தும். பிரவுசிங் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்றால், பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், எழுந்து வருவதற்கு முன் லாக் அவுட் செய்ததை நீங்களே பாருங்கள். கடைத் தம்பி பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

கே: ஆராதனை சமயத்தில் நிகழ்ச்சி நிரல் அனுப்பும் ஓர் இசை மடலுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பகுள பஞ்சமி முடிந்து இரண்டு நாள் கழித்து அது ‘ப்ரோமோஷன்ஸ்’ என்ற இடத்தில் கிடந்ததைப் பார்த்தேன். ஸ்பேம் என்று முடிவு கட்டிவிட்டதா?
– ரசிகை, திருவையாறு

ப: இல்லை. ப்ரோமோஷன்ஸ் என்பதும் இன்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு தட்டுதான், 2013-இல் ஜிமெயில் இப்படித் தட்டுத் தட்டாகப் பிரித்தது. அங்கே இருப்பது 30 நாளில் அழியாது. கம்ப்யூட்டரில் அந்த மெயிலைப் பிடித்து இழுத்து ‘ப்ரைமரி’யில் போடுங்கள், இனி இவர் அனுப்புவதை இங்கேயே போடட்டுமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். இந்தத் தட்டே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் எடுத்தும் விடலாம், ஆனால் ஜவுளிக்கடை தள்ளுபடி எல்லாம் முன்னால் வந்து நிற்கும்.

கே: இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை, ப்ரோமோஷன்ஸிலும் இல்லை. அவர்கள் அனுப்பினோம் என்று சத்தியம் செய்கிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ப: முதலில் ஒழுங்காகத் தேடிப் பாருங்கள். சாதாரணமாகத் தேடினால் ஜிமெயில் ஸ்பேமுக்குள் தேடாது. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் இன், முக்காற்புள்ளி, எனிவேர் என்று இடைவெளி இல்லாமல் (in:anywhere) அடித்து, பக்கத்தில் மடலின் பெயரைப் போட்டால் ஸ்பேம், குப்பைத்தொட்டி எல்லாவற்றிலும் தேடும்.

அப்படியும் இல்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உறுதிக் கடிதத்தை. பல மடல்காரர்கள் நீங்கள் பெயர் கொடுத்ததும் ‘நீங்கள்தானா’ என்று கேட்டு ஒரு மெயில் அனுப்புவார்கள், அதில் உள்ள இணைப்பைத் தொட்டால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்தக் கடிதமே ஸ்பேமில் விழுந்து, நீங்கள் பார்க்காமல், அது அழிந்தும் போயிருந்தால்? அவர்களும் அனுப்பியது உண்மை, உங்களுக்கு வராததும் உண்மை. மறுபடி பதிவு செய்துவிட்டு அப்போதே ஸ்பேமைத் திறந்து பாருங்கள். அடுத்த சந்தேகம் எழுத்துப் பிழை. நெல் திருவிழா மாதிரி இடங்களில் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள், ஓர் எழுத்து போனால் போச்சு. (ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.) இன்னொன்று, கணக்கு நிரம்பியிருப்பது. கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி என்பது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. கல்யாண வீடியோவும் குட்மார்னிங் படங்களும் அதை நிரப்பிவிட்டால் புதிதாக எந்த மெயிலும் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

கே: பத்து வருடத்துக்கும் மேலாக யாஹூ முகவரி. எல்லா மடல்களும் அதற்குத்தான் வரும், அதிலிருந்து ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்ட் ஆகும்படி வைத்திருக்கிறேன். யாஹூவில் இன்பாக்ஸில் இருப்பது ஜிமெயிலில் ஸ்பேமில் விழுகிறது. ஒரே மெயில்தானே?
– வாசகர், பாபநாசம்

ப: மெயில் ஒன்றுதான், கொண்டுவந்து கொடுப்பவர் மாறிவிட்டார். ஒவ்வொரு டொமைன்காரரும் தங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று ஒரு பட்டியலை இணையத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். பெண் வீட்டார் பத்திரிகையை இன்னார்தான் கொண்டுவருவார் என்று சொல்லி அனுப்பியிருக்க, வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நீட்டினால் யோசிப்போம் இல்லையா, அதைத்தான் ஜிமெயில் செய்கிறது. மடல்காரரின் பட்டியலில் யாஹூவின் சர்வர் இல்லை, எனவே அந்தச் சோதனையில் தோல்வி. டிகேஐஎம் என்று இன்னொன்று இருக்கிறது, அது மெயிலிலேயே போடும் டிஜிட்டல் கையெழுத்து. வழியில் யாரும் உள்ளே கைவைக்காத வரை ஃபார்வர்ட் ஆனாலும் அது நிற்கும். உங்கள் மடல்காரர் அந்தக் கையெழுத்தைப் போடாமல் அனுப்புகிறாரென்றால் ஜிமெயிலுக்கு நம்பிப் பிடிக்க எதுவும் இல்லை.

இதற்கு ஃபில்டர் வைத்துப் போராடுவதைவிட, மடல்களில் ஜிமெயில் முகவரியை நேரடியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஒரு சாயங்கால வேலை. வங்கி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பழைய முகவரியில் இருந்தால் அது கிடக்கட்டும், மடல்களை மட்டும் மாற்றுங்கள்.

கே: வானிலை பற்றி எழுதும் ஒருவரின் மடல் வருகிறது. கஜாவுக்குப் பிறகு மழைக்காலத்தில் அதைப் பார்க்காமல் நாங்கள் படுப்பதில்லை. ஆனால் சில நாள் இன்பாக்ஸ், சில நாள் ஸ்பேம். ஏன் இப்படி?
– வாசகர், வேதாரண்யம்

ப: ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாகத்தான் எடை போடுகிறது. எழுத்தே இல்லாமல் வெறும் படமாக அனுப்பிய நாள், சுருக்கப்பட்ட இணைப்புகளை நிறையப் போட்ட நாள், தலைப்பில் ஆச்சரியக்குறியை வரிசையாக அடுக்கிய நாள், இப்படி ஏதாவது ஒன்றில் சந்தேகம் கூடியிருக்கும். முதல் கேள்விக்குச் சொன்ன ஃபில்டரை வைத்துவிடுங்கள், இந்த ஆட்டம் நின்றுவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா உங்கள் கரையில்தான் ஏறியது, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புயல் சமயத்தில் மெயிலை நம்பி உட்கார வேண்டாம். இன்பாக்ஸுக்கே வந்தாலும் தாமதமாக வரலாம், கரன்ட்டும் டவரும் போனால் அதுவும் இல்லை. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை ரேடியோவிலும் டிவியிலும் கேளுங்கள், அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. மடல் சாவகாசமாக விளக்கம் படிப்பதற்கு.

கே: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மாதம் ஒரு மடல். 600 பேரின் முகவரியை, ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசியில் போட்டு என் ஜிமெயிலிலிருந்து அனுப்புகிறேன். பாதிப் பேர் வரவில்லை என்கிறார்கள், மீதிப் பேர் ஸ்பேமில் வந்தது என்கிறார்கள். என்ன தப்பு?
– சங்கச் செயலாளர், மயிலாடுதுறை

ப: இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் அனுப்பும் கட்சி, அதனால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

தனிநபர் ஜிமெயிலில் ஒரே மெயிலை 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, ஒரு நாளைக்கு 500 மெயில் என்றும் வரம்பு உண்டு. நீங்கள் இரண்டு கட்டாகப் பிரித்து அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன், அப்படிச் செய்தாலும் ஒரு சொந்தக் கணக்கிலிருந்து முன்பின் பேசாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் ஒரே மெயில் போவது, ஸ்பேம் அனுப்புகிறவர் செய்வதைப் போலவேதான் சர்வருக்குத் தெரியும். கூடவே விழா போட்டோக்கள் நிறைந்த பெரிய பிடிஎஃப் ஒன்றையும் இணைத்திருப்பீர்கள். அதை டிரைவில் போட்டு இணைப்பு மட்டும் கொடுங்கள்.

செய்திமடல் அனுப்பவென்றே சேவைகள் இருக்கின்றன, மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெய்ன்ஸ் போல. சங்கத்தின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அந்தச் சேவை சொல்லும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அதில் போட்டுவிடுங்கள். மூன்றாவது, முதல் இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று வாங்கும் பக்கத்துக்கு நீங்களே சொல்லி வைப்பது. பழைய மாணவர்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒருவர்கூடவா இல்லை, அவரைப் பிடியுங்கள். சேவைக்கு மாறிய பிறகும் அனுப்புநராக உங்கள் ஜிமெயில் முகவரியையே போட வேண்டாம். ஜிமெயில் பெயரைப் போட்டு வேறு இடத்திலிருந்து வரும் மெயிலைக் கூகுள் போலி என்றே பார்க்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஒருமுறை அழுத்தினாலே மடலிலிருந்து விலகும் வசதியும் கட்டாயம். உங்கள் அளவில் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது இருக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறது கூகுள். உங்கள் 600 பேரை வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு பேர் எரிச்சலில் அழுத்தினாலே எல்லையைத் தாண்டிவிடுகிறது! அதனால் கேட்காதவர்களுக்கு அனுப்பாதீர்கள். பழைய பதிவேட்டைப் பார்த்து எடுத்த முகவரிகள் என்றால் ஒருமுறை வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்பவரை உடனே எடுங்கள், திரும்பி வரும் முகவரிகளையும் எடுங்கள். 600 பேர் 350 ஆனாலும் அந்த 350 பேருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். எண்ணிக்கை குறைந்தால் செயற்குழுவில் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

மடலின் அடியில் ‘எங்கள் மடல் ஸ்பேமில் விழுந்தால் இப்படிச் செய்யுங்கள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஸ்பேமில் விழுந்ததை யார் திறந்து அந்த வரியைப் படிப்பது? அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மடல் அனுப்பிய அன்றைக்கே, என்ன தலைப்பில், எந்த முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறோம், ஸ்பேமில் இருந்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மூன்று வரி, கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். அவுட்லுக், ஹாட்மெயில் வைத்திருப்பவர்களுக்கு செட்டிங்ஸில் ‘ஜங்க் இமெயில்’ பகுதியில் ‘சேஃப் சென்டர்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். யாஹூவில் ‘நாட் ஸ்பேம்’. முதல் மடலில் எந்த வருட செட், இப்போது எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் போடச் சொல்லுங்கள். பதில் போட்டவருக்கும் உங்களுக்கும் பேச்சு உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கே: இவ்வளவு தொல்லை எதற்கு? ஸ்பேமே வேண்டாம், எல்லாம் இன்பாக்ஸுக்கு வரட்டும் என்று வைத்துவிட்டால்?
– வாசகர், சீர்காழி

ப: வேண்டாம், சார். மின் கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று வரும் போலி மிரட்டல்கள் மெயிலிலும் வருகின்றன, உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டைப் போடுங்கள் என்றும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் பார்க்காமல் இருப்பதே அந்த ஸ்பேம் புண்ணியத்தில்தான். ஸ்பேமிலிருந்து எதையும் மீட்பதற்கு முன் அனுப்புநர் பெயரை நம்பாமல், பக்கத்தில் உள்ள சின்ன அம்பைத் தட்டி முழு முகவரியைப் பாருங்கள். பெயர் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நீங்களாகப் பதிவு செய்தது என்று நினைவிருந்தால் மட்டும் மீட்டெடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கே: எனக்குச் சலித்துப் போன மடல்களை நான் ஸ்பேம் என்று அழுத்திவிடுவேன். சுலபமாக இருக்கிறது. தப்பா?
– வாசகி, நாகப்பட்டினம்

ப: உங்களுக்குச் சுலபம், அனுப்புகிறவருக்கு அடி, அதே மடலை ஆசையாகப் படிக்கும் கும்பகோணத்து அம்மாவுக்கும் சேர்த்து அடி. நீங்களாகப் பெயர் கொடுத்த மடல் என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தி விலகுங்கள், ஜிமெயிலில் பல மடல்களுக்கு அது அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரே கொடுக்காமல் வருவதை ஸ்பேம் என்றே அழுத்துங்கள், அதற்குள் இருக்கும் விலகும் இணைப்பை மட்டும் தொடாதீர்கள், முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

கே: எனக்கு ஒரு மெயில் ஐடி இருப்பது உண்மை. பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பிரவுசிங் சென்டரில் உருவாக்கிக் கொடுத்தார்கள். பாஸ்வேர்ட் தெரியாது. ஒரு விவசாய மடலுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன், ஸ்பேமில் போகிறதா என்றுகூடப் பார்க்க முடியவில்லை.
– விவசாயி, ஒரத்தநாடு

ப: அண்ணே, முதலில் அந்த ஐடி உங்களுடையதுதானா என்று பார்க்க வேண்டும். சில கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் ஐடியையே எல்லா விண்ணப்பத்திலும் போட்டுவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் போனில் ஜிமெயிலைத் திறந்து அந்த முகவரியைக் கொடுத்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்ற வழியில் போங்கள். உருவாக்கும்போது உங்கள் போன் நம்பரைக் கொடுத்திருந்தால் அதற்கு ஓர் எண் வரும், அதை வைத்துப் புதுப் பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரர் நம்பரைக் கொடுத்திருந்தால் அவரிடமே போய், அவர் போனுக்கு வரும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாஸ்வேர்டை மாற்றி, அங்கேயே நின்று மீட்பு நம்பராக உங்கள் நம்பரைப் போட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டுக்கும் வழியில்லையென்றால் புதிதாக ஒன்று தொடங்குங்கள், மடலுக்கு அந்தப் புது முகவரியைக் கொடுங்கள். காப்பீட்டில் உள்ள முகவரியை மட்டும் விண்ணப்பித்த இடத்திலேயே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், சம்பா அறுவடை வரை தள்ளிப்போடாதீர்கள்.